ஐந்து புற்றுகளும் தூர்ந்த குழியும்

“ஊரே புற்றுல கொண்டுபோய்க் கொட்டுது! நாம மட்டும் இந்தக் குழியைக் கட்டிக்கிட்டு அழணுமா?”

கட்டைவால் என்ற வயல் எலி இதையே காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் சொல்லும். அதன் பெண்டாட்டி மணிக்கண்ணிக்குக் காது புளித்துவிட்டது.

“அழ வேண்டாம். சும்மா இருந்தாலே போதும்!”

அந்தப் புல்வெளியில் மான்கள் நடந்து நடந்து விழுந்த தடம் ஒன்று உண்டு. அதன் ஓரத்தில் கறையான் விட்டுப்போன உயரமான புற்றைப் பிடித்து, ஒரு பெருச்சாளி களஞ்சியம் வைத்தது. எலிகள் கம்பையும் தினையையும் அங்கே கொட்டலாம். மழைக்காலத்தில் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். காவலுக்குப் பெருச்சாளிக்கு ஒரு பங்கு. ஒன்றைப் பார்த்து இன்னொன்று கிளம்பியது. ஐந்து புற்று, ஐந்து பெருச்சாளி!

“எங்க புற்றுதான் உசரம்!”

“எங்களுதுல ஒரு பூச்சி அண்டாது!” என்று பெருச்சாளிகள் போட்டி போட்டுக் கூவின.

எலிகளுக்குத் தலைகால் புரியவில்லை. இந்தப் புற்றுகளால எங்கிருந்து பார்த்தாலும் நம்ம ஊர் தெரியுதாம்! பெருமையை உலையில் போட்டால் வேகுமா?

ஒரு நாள் மணிக்கண்ணி கதிர் பொறுக்கிவிட்டுத் திரும்பினால், வளைக்குள் தானியக் குழியைக் காணோம்! இருந்த கம்பெல்லாம் புற்றுக்குப் போயிருந்தது. குழியில் மண்ணைத் தள்ளி, மேலே புல் பரப்பி, கட்டைவால் மல்லாந்து கிடந்தது.

“பிள்ளைகளுக்குப் படுக்க இடம் வேணாமா?” என்று இளித்தது.

அறுப்பு முடிந்ததும் பெருச்சாளிகள் கூடிப் பேசின. ஐந்து இடத்தில் எதற்குக் காவல்? வற்றிக் கிடக்கும் ஆற்றுக்கு அக்கரையில் பெரிய பாறைக்குகை இருக்கிறதே! தானியத்தை மொத்தமாக அங்கே கொண்டுபோயின. பாம்பு குடியேறும் என்று நான்கு புற்றுகளை இடித்தும் போட்டன; ஐந்தாவதை இடிக்கச் சலித்து அப்படியே விட்டுவிட்டன.

“உங்க தானியம் பத்திரம்! எப்ப வேணும்னாலும் வந்து வாங்கிக்கலாம்!”

மழை பிடித்தது. ஆறு கரை புரண்டது. எலி எப்படி அக்கரை போகும்?

கட்டைவால் அவசர அவசரமாகத் தூர்ந்த குழியைத் தோண்டியது. தோண்டி என்ன? உள்ளே போட ஒரு மணி இல்லை. கடைக்குட்டி பசியில் அழுவதைக்கூட நிறுத்திவிட்டது.

மணிக்கண்ணி நனைந்துகொண்டே ஓடி, மிச்சம் நின்ற ஐந்தாவது புற்றின் வாய்க்குள் தலையை நீட்டியது.

“அண்ணே! உள்ளே யாராவது இருக்கீங்களா? கடைக்குட்டிக்கு மட்டும் ஒரு பிடி கம்பு குடுங்கண்ணே!”

மழைச் சத்தம்தான் கேட்டது.

சொந்தக் குழியைத் தூர்த்துவிட்டு அடுத்தவன் களஞ்சியத்தை நம்புகிறவன், பசிக்கிற நாளில் ஆளில்லாத வாசலில்தான் நிற்பான்.