கஞ்சி போட்ட கிளி நோட்டு

ஒரு ஊருல, எந்த ஊருன்னு கேக்காதீங்க, எனக்கே தெரியாது, ஒரே வீட்டுக்கு வாக்கப்பட்ட ரெண்டு பொம்பளைங்க இருந்தாங்களாம். அண்ணன் பொண்டாட்டி பேரு சிலம்பாயி, தம்பி பொண்டாட்டி பேரு ராக்கு. சிலம்பாயி பொறந்த வீடு சீலைக்கு அச்சுக் குத்துற வீடு, நல்ல வசதி. வரும்போதே வண்டி நெறையாச் சீரோட வந்தா. ராக்கு வரும்போது என்ன கொண்டுவந்தா? ஒரு பணியாரச் சட்டி, அம்புட்டுத்தான்.

சிலம்பாயிக்கு நஞ்சை இருக்கு, காரை வீடு இருக்கு, கழுத்துல காசுமாலை கெடக்கு. ராக்கு இருக்குறது ஒழுகுற கூரை வீடு. அப்ப யாருக்கு யாரு மேல பொறாமை வரணும்? ஆங், நீ சொல்றதுதான் ஞாயம். ஆனா பொறாமைக்கு ஞாயம் எங்க தெரியுது? சிலம்பாயிக்குத்தான் ராக்கு மேல அடிவயித்துல இருந்து எரிஞ்சுச்சாம்.

எதுக்குன்னு கேளு. அந்த ஊரு ராசா ஒரு தாயக் கொட்டகை போட்டிருந்தாரு. பந்தயம் கட்டித் தாயம் உருட்டுறதுக்குன்னே நாலு தேசத்து ஆளும் வந்து குமியும். ராக்கு என்ன பண்ணா, அந்தக் கொட்டகை வாசல்ல அடுப்பப் பத்தவச்சு பணியாரம் சுட ஆரம்பிச்சா. செயிச்சவனும் வாங்கித் திங்குறான், தோத்தவனும் வாங்கித் திங்குறான், வியாபாரம் அள்ளுது.

மொத வருசம் ராக்கு ஒரு செவலைப் பசு வாங்குனா. அதப் பாத்துட்டு சிலம்பாயி வீட்டுக்குள்ள போயி செவத்தப் பாத்துக் கேட்டாளாம், "எனக்குத் தொழுவம் நெறைய மாடு நிக்கிது. அவளுக்கு எதுக்கு ஒரு மாடு?"

ரெண்டாம் வருசம் ராக்கு மூக்குல செவப்புக்கல்லு மூக்குத்தி மின்னுச்சு. அதப் பாத்துட்டு சிலம்பாயி மறுபடியும் செவத்தக் கேட்டாளாம், "எனக்குப் பொட்டி நெறைய நகை கெடக்கு. அவளுக்கு எதுக்கு ஒத்தக்கல்லு?"

மூணாம் வருசம் மாமியாக்காரி சும்மா இருக்காம, "எங்க சின்னவ கைப்பக்குவம் யாருக்கு வரும்"னு தெருவுல நாலு பேருகிட்ட சொல்லிப்புட்டா. அன்னைக்கு சிலம்பாயி சோறு திங்கல. செவத்துல சாஞ்சு ஒக்காந்துக்கிட்டு, "நானும் இம்புட்டு வருசமா இந்த வீட்டுக்கு ஆக்கிப் போடுறேன். ஒரு நாளு, ஒரு வார்த்தை சொன்னாளா கெழவி?"ன்னு அழுதா. இந்தக் கேள்வி மட்டும் ஞாயமான கேள்விதான். போயி அந்த மாமியாளக் கேட்டிருக்கணும். கேக்கல. எல்லாத்தையும் ராக்கு கணக்குலயே எழுதிக்கிட்டா.

அப்புறம் என்ன? "அவ மூக்குல ஒரு கல்லுன்னா என் மூக்குல ஏழு கல்லு மின்னணும், அதுவும் வைரமா மின்னணும்"னு நெனைச்சா. வைரத்துக்கு எங்க போவா? புருசங்காரன் கஞ்சப்பய, காசு குடுக்க மாட்டான். அங்கதான் அவளுக்குப் புத்தி கோணிப்போச்சு.

அந்த ராசா இருக்காரே, வெள்ளிக்காசச் செமக்க முடியலன்னு நோட்டு அடிச்சு விட்டவரு. பழைய பருத்தித் துணிய ஊறவச்சு, இடிச்சு, தட்டித் தட்டித் தாளாக்கி, அதுல பச்சைக்கிளி அச்சுக் குத்தியிருக்கும். கிளி நோட்டுன்னு பேரு. கையில எடுத்தா மொடமொடன்னு இருக்கும், காதுகிட்ட வச்சு சுண்டுனா படபடன்னு சத்தம் கேக்கும். கடைக்காரன், தரகன், கொட்டகைக்காரன் எல்லாரும் சுண்டிப் பாத்துத்தான் வாங்குவான்.

சிலம்பாயி பொறந்த வீட்டுக்குப் போனா. அங்க சீலைக் கரைக்குக் குத்துற கிளி அச்சுக்கட்டை கெடந்துச்சு. அப்பன் கண்ணுல படாம அத எடுத்து முந்தானையில சுத்திக்கிட்டு வந்துட்டா. சந்தையில மட்டமான தாளா வாங்குனா, கதவச் சாத்திக்கிட்டு கிளியாக் குத்துனா. கிளி என்னமோ ராசா கிளியாட்டமே வந்துச்சு. ஆனா சுண்டிப் பாத்தா சத்தமே இல்ல, நனைஞ்ச வெத்தலையா தொவண்டு விழுது.

அச்சுக் குத்துற வீட்டுப் பொம்பளைக்கு இதுக்கு வழி தெரியாதா? சீலை தொவண்டா என்ன செய்வாங்க? கஞ்சி போடுவாங்க. சோத்த வடிச்சா, வடிகஞ்சியில ஒவ்வொரு நோட்டா முக்குனா, நெழல்ல காயவச்சா. இப்பச் சுண்டிப் பாத்தா, அடேயப்பா, ராசா நோட்டத் தோக்கடிக்கிற சத்தம் கேக்குது.

தாயக் கொட்டகையில ஒரு வழக்கம் உண்டு. உள்ள யாரும் நோட்ட வச்சு ஆடக்கூடாது. வாசல்ல நோட்டக் குடுத்துச் சோழி வாங்கிக்கணும், சோழிய வச்சு ஆடணும், போகும்போது சோழியக் குடுத்து நோட்டு வாங்கிக்கணும். சிலம்பாயி முக்காடு போட்டுக்கிட்டுப் போனா. சோழிக்காரன் நோட்டக் காதுல வச்சுச் சுண்டிப் பாத்தான், தலையாட்டுனான், சோழிய எண்ணிப் போட்டான். இவ உள்ள போயி ஆடுனாளா? ஆடல. தூணோரமாக் கொஞ்ச நேரம் நின்னுட்டு, அதே சோழியத் திருப்பிக் குடுத்து நல்ல நோட்டா வாங்கிக்கிட்டு வந்துட்டா. என்னா சாமர்த்தியம் பாரு. இந்தச் சாமர்த்தியத்துல பாதிய அடுப்புல காட்டியிருந்தா மாமியா வாயில நல்ல பேரு வாங்கியிருக்கலாம்.

அப்பறம் மழைக்காலம் வந்துச்சு. செயிச்சவன் மடியில வச்ச நோட்டு ஈரத்துல பிசுபிசுன்னு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு, கிளியெல்லாம் பச்சையா ஒழுகிருச்சு. "ராசா கொட்டகையிலயே கள்ள நோட்டா"ன்னு ஊரே சிரிக்குது. ராசாவுக்கு ரோசம் வந்துருச்சு. தமுக்கு அடிக்கச் சொன்னாரு. யாரு கையில கள்ள நோட்டு இருக்கோ அவங்களுக்கு மொட்டையடிச்சு, கழுதை மேல ஏத்தி, ஊர விட்டே தொரத்திருவோம்னு தமுக்குக்காரன் தெருத்தெருவாச் சொல்லிக்கிட்டுப் போனான்.

வேற ஒருத்தியா இருந்தா பயந்துபோயி அச்சுக்கட்டைய அடுப்புல போட்டிருப்பா. சிலம்பாயி என்ன நெனைச்சா தெரியுமா? "கழுதை மேல ராக்கு போனா எப்படி இருக்கும்?" அத நெனைச்ச ஒடனே அவளுக்கு ரொம்ப நாளு கழிச்சுப் பசி எடுத்துச்சாம். ரெண்டு தட்டுச் சோறு தின்னா. வைரமும் மறந்துபோச்சு, எல்லாம் மறந்துபோச்சு.

மறுநாள் விடியுறதுக்குள்ள ராக்கு அடுப்பு முன்னால போயி நின்னா. வேற ஆளு யாரும் பாத்துறக் கூடாதுல்ல.

"என்னக்கா, அதிசயமா இருக்கு? நீங்க என் கடைக்கா வந்தீங்க?"

"ஏன் வரக்கூடாதா? ஊரே திங்குது, நான் திங்கக் கூடாதா? பணியாரம் குடு."

ராக்கு வாயெல்லாம் பல்லாப் பணியாரம் எடுத்துக் குடுத்தா. சிலம்பாயி கஞ்சி நோட்ட நீட்டுனா. ராக்கு இந்த நோட்ட வர்றவன் போறவனுக்குச் சில்லறையாக் குடுப்பா, அவளே மாட்டிக்குவான்னு சிலம்பாயி திட்டம்.

ஆனா ராக்கு என்ன பண்ணா? அன்னைக்கு மொத யாவாரம் அதுதான், போணி. போணிக் காசச் செலவழிப்பாங்களா? அடுத்தவங்களுக்குச் சில்லறையாக் குடுப்பாங்களா? கண்ணுல ஒத்திக்கிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோயி உறியில தொங்குற மஞ்சப் பானைக்குள்ள போட்டுட்டா.

மறுநாளும் சிலம்பாயி விடியுமுன்ன வந்தா, நோட்டக் குடுத்தா, அது போணி, பானைக்குள்ள போயிருச்சு. அதுக்கு மறுநாளும் வந்தா, குடுத்தா, பானைக்குள்ள போயிருச்சு. பொறாமையில தூக்கம் வராம எல்லாருக்கும் முன்னால வந்து நின்னா, அவ நோட்டு எப்படி வெளிய போகும்? ராக்கு மாட்டவும் இல்ல, அவ வியாபாரம் இன்னும் பெருகுது. மழைக்கு ஒதுங்குனவனெல்லாம் சுடச்சுடப் பணியாரம் வாங்குறான். ராக்கு ஒவ்வொரு நாளும், "எல்லாம் உங்க கைராசிதான்க்கா, உங்க போணியெல்லாம் மஞ்சப் பானையில பத்திரமா இருக்கு"ன்னு கூட ரெண்டு பணியாரம் வேற வச்சுக் குடுக்குறா. அந்தப் பணியாரத்த முழுங்குறதுக்குள்ள சிலம்பாயிக்கு உசுரே போச்சு.

ராக்கு வீட்டுல இன்னொண்ணும் நடந்துச்சு. அந்தச் செவலைப் பசு இருக்கே, அதுக்கு வடிகஞ்சின்னா அம்புட்டு ஆசை. அது பாட்டுக்கு மூக்கத் தூக்கி அந்த உறியப் பாத்துப் பாத்துக் கத்தும். "அங்க என்ன இருக்கு, போணிக் காசுதான இருக்கு"ன்னு ராக்கு அத ஒரு தட்டுத் தட்டி இழுத்துக் கட்டுவா. ஏத்தா தூங்கிட்டியா? தூங்காத, இனிமேத்தான் வேடிக்கையே இருக்கு.

கடைசியில சிலம்பாயிக்குப் பொறுக்கல. நேரா அரமனைக்குப் போனா. "மகராசா, கள்ள நோட்டுக்காரி எங்க குடும்பத்துலயே இருக்கா, என் கொழுந்தன் பொண்டாட்டிதான், அவ மஞ்சப் பானைய எறக்கிப் பாருங்க"ன்னா.

சேவகன் ஓடுனான், பானைய எறக்குனான், பாத்தா உள்ள அம்புட்டும் பிசுபிசுன்னு ஒட்டுற கஞ்சி நோட்டு. ராக்குவையும் பானையையும் ராசா முன்னால கொண்டுவந்து வச்சான்.

"ஏம்மா, கள்ள நோட்டு அடிச்சது நீதானா?"

"நோட்டு எப்படி அடிக்கிறதுன்னே எனக்குத் தெரியாது ராசா. இது போணிக் காசு. எங்க அக்காதான் தெனமும் போணி பண்ணும்."

"நானா?" சிலம்பாயி நெஞ்சுல கைய வச்சா. "நான் இவ கடைப்பக்கமே போனதில்ல மகராசா. எங்க வீட்டுல இல்லாத பணியாரமா?"

ராக்கு அக்காவ நிமிந்து பாத்தா. அப்பத்தான் அவளுக்கு வெளங்குச்சு. தெனமும் நோட்டக் கண்ணுல ஒத்துனது நெனப்பு வந்துச்சு. வாயத் தொறக்கல, கண்ணுல இருந்து பொலபொலன்னு தண்ணி கொட்டுச்சு. பேசாம நின்னா குத்தத்த ஒத்துக்கிட்டாங்கன்னுதான எல்லாரும் நெனைப்பாங்க? ராசாவும் அப்படித்தான் நெனைச்சாரு. நாவிதன வரச் சொல்லிட்டாரு, கழுதையும் வந்து வாசல்ல நிக்கிது.

அப்பறம் ராசா சிலம்பாயியப் பாத்து, "காட்டிக் குடுத்ததுக்கு என்ன வேணும், கேளு"ன்னாரு. இவளுக்கென்ன கொறைச்சல்? பொன்னக் கேட்டிருக்கலாம், நெலத்தக் கேட்டிருக்கலாம், வைரத்தையே கேட்டிருக்கலாம். கேட்டாளா? "அவ மூக்குத்தியும் அவ செவலைப் பசுவும் வேணும்"னா. அவகிட்ட இருக்குறதுதான் வேணும், வேற எதுவும் வேணாம். இந்தப் பாழாப்போன நோவு அப்படித்தான்.

சேவகன் போயி பசுவ ஓட்டிக்கிட்டு வந்தான். கயித்தச் சிலம்பாயி கையில குடுத்தான். பசு அவளப் பாத்துச்சு, மூக்க விடைச்சுச்சு, நேரா அவ மடியில மொகத்த வச்சு முட்டுச்சு.

"சீ, தள்ளு."

அது தள்ளுமா? ராக்கு தொந்தரவு இன்னையோட ஒழிஞ்சுச்சுன்னு, நேரா இங்க இருந்து தாயக் கொட்டகைக்குப் போயிறலாம்னு மடி நெறையாக் கஞ்சி நோட்டக் கட்டிக்கிட்டுல்ல வந்திருந்தா. பசு அவ மடிய நக்குச்சு, கடிச்சுச்சு, ஒரே இழுவையா இழுத்துச்சு. சபை நடுவுல கிளிக்கிளியாக் கொட்டுச்சு. பசு ஆற அமர நின்னு ஒவ்வொரு கிளியா எடுத்துத் தின்னுச்சாம்.

ராசா எந்திரிச்சு வந்தாரு. தன் நோட்டுல ஒண்ண எடுத்து பசு முன்னால போட்டாரு. பசு மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. பானை நோட்டப் போட்டாரு. லபக்குன்னு முழுங்கிருச்சு. அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

"நாவிதா, இவ தலையச் செரை"ன்னாரு ராசா. சிலம்பாயி அப்படியே தரையில ஒக்காந்துட்டா. நாவிதனும் கத்தியத் தீட்டுறான்.

அப்பத்தான் ராக்கு கண்ணத் தொடைச்சுக்கிட்டு முன்னால வந்தா. "ராசா, அக்காவ ஊர விட்டுத் தொரத்திறாதீங்க."

"ஏம்மா? உன்னக் கழுதை மேல ஏத்தப் பாத்தவளாச்சே."

"பாத்துச்சுதான். வயிறு எரியத்தான் செய்யிது எனக்கும். ஆனா ராசா, அக்கா போணி பண்ண ஆரம்பிச்சதுல இருந்துதான் என் யாவாரம் ரெட்டிப்பாச்சு. நோட்டுத்தான் கெட்ட நோட்டு, கை நல்ல கை. அது போயிட்டா எனக்கு யாரு போணி பண்ணுவா?"

ராசா அவள ஒரு பார்வை பாத்தாரு. இவ வெகுளியா இல்ல பெரிய கெட்டிக்காரியான்னு அவருக்கு வெளங்கல. எனக்கும் இன்னைக்கு வரைக்கும் வெளங்கல. அப்பறம் சிரிச்சாரு பாரு, கிரீடம் கீழ விழுற மாதிரி சிரிச்சாரு.

"சரி, மொட்டையும் வேணாம், கழுதையும் வேணாம். சிலம்பாயி, உன் காசுமாலைய வித்து கொட்டகையில ஏமாந்தவங்களுக்கெல்லாம் குடுத்துரு. அப்பறம் ஆயுசுக்கும் விடியக்காலையில நீதான் போயி ராக்குவுக்குப் போணி பண்ணணும். நல்ல நோட்டாக் குடுக்கணும். குடுக்கும்போது, 'நல்லா யாவாரம் ஆகணும் தங்கச்சி'ன்னு சிரிச்ச மொகமாச் சொல்லணும். சிரிக்கிறாளான்னு பாக்க ஒரு சேவகன் நிப்பான்."

சிலம்பாயி தன் தலையத் தொட்டுப் பாத்தா. "மகராசா, மொட்டையே அடிச்சிருங்க"ன்னு கெஞ்சுனாளாம். ராசா கேக்கல.

அன்னையில இருந்து கொட்டகை வாசல்ல சோழிக்காரன் பக்கத்துல ஒரு மாடு கட்டியிருக்கும். நோட்டச் சுண்டிப் பாக்க மாட்டான், மாட்டுகிட்ட நீட்டுவான். சிலம்பாயியும் தெனம் விடிய ராக்கு அடுப்பு முன்னால நிப்பா. நல்ல நோட்டக் குடுப்பா, "நல்லா யாவாரம் ஆகணும் தங்கச்சி"ம்பா, பல்லக் காட்டுவா, சேவகன் சரின்னு தலையாட்டுவான். ராக்கு நோட்டக் கண்ணுல ஒத்திக்குவா. ஆனா அதுக்கு முன்னால செவலைகிட்ட ஒரு தடவை காட்டிக்குவா.

யாவாரம் பெருகுச்சு. அந்த வருசமே ராக்கு ரெண்டாவது பசுவும் வாங்குனா. மொத மொதல்ல கயித்தப் புடிச்சுக் கொட்டில்ல கட்டுறதுக்குக் கைராசிக்காரியத்தான கூப்பிடணும்? "அக்கா, நீங்களே கட்டுங்க"ன்னா. சேவகன் பாத்துக்கிட்டு நிக்கிறான். சிலம்பாயி சிரிச்சுக்கிட்டே கட்டுனாளாம்.

அடுத்தவ அடுப்ப அணைக்கப் போனவ ஆயுசுக்கும் அந்த அடுப்ப ஊதிக்கிட்டுக் கெடந்தா. கதையும் வெந்துபோச்சு, சட்டியும் எறங்கிருச்சு. உன் தம்பி போர்வை பெருசா உன் போர்வை பெருசான்னு அளக்காமப் படுங்க.