படத்துக்குக் கீழே ஒரு வரி

அப்பாவின் படத்தை ஒரு வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு குமரவேல் மடத்துக்கு வந்தான்.

மடம் என்பது பெயருக்குத்தான். சங்ககிரிச் சாலையில் காலியாகக் கிடந்த ஒரு பழைய நெல் கிடங்கு அது. தெய்வானையம்மா உள்ளே தரையில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். குமரவேலைவிட அவருக்குச் சில வயது குறைவு. இருந்தாலும் அவன் அவரைக் குருவாக ஏற்று வெகுகாலம் ஆகிறது.

"வாங்க. உங்கம்மா சாப்பிடறாங்களா?"

"சாப்பிடறாங்க. என்கூடத்தான் பேசமாட்டேங்கறாங்க."

"ஏன்?"

அவன் வேட்டியை விலக்கினான். கண்ணாடிக்குள் அவன் அப்பா நாச்சிமுத்து சிரித்துக்கொண்டிருந்தார். கீழே பொன்னிறத்தில் ஒரு வரி: 'எங்களுக்காகத் தன் வாழ்வையே தியாகம் செய்தவர்.'

"நாளைக்குக் காரியம். கூடவே படத்திறப்பு. வீட்டுல படிச்சவன் நான் ஒருத்தன்தான்னு என்னை எழுதச் சொன்னாங்க. எழுதி அடிச்சு, எழுதி அடிச்சு, கடைசியில இதை எழுதினேன். படிச்சுக் காட்டினதும் அம்மா எந்திரிச்சுப் போயிட்டாங்க."

"ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னாங்க. 'இந்த எழுத்து இருக்கிற வரைக்கும் நான் கூட்டத்துல வந்து உக்காரமாட்டேன். நீயும் உன் படிப்பும் சோடி போட்டு உக்காந்துக்கங்க'ன்னாங்க."

தெய்வானையம்மா சிரித்தார். அவன் சிரிக்கவில்லை.

"அம்மா வராம எப்படிங்க படத்தைத் திறக்கறது? நான் என்ன பொய்யா எழுதிட்டேன்?"

"நீங்களே சொல்லுங்க."

"அப்பா வடக்கே லாரி ஓட்டினவர். நாக்பூர், டெல்லி, கௌஹாத்தி. நான் பொறந்ததும் விட்டுட்டு நூல் மில்லு வேனுக்கு வந்துட்டார். ஆளுங்களை ஏத்தி மில்லுல விடறது, திரும்பக் கொண்டாந்து வீட்டுல விடறது. கடைசிவரைக்கும் அதே ரோடு. அவர்கூட லாரி ஓட்டினவர் எழவுக்கு வந்திருந்தார். 'உங்கொப்பன் கூறுகெட்டவன்டா. வடக்கே ஓட்டியிருந்தான்னா என்னாட்டம் வாசல்ல வரிசையா லாரி நின்னிருக்கும். உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே கெடந்து கெட்டான்'னார். அன்னையில இருந்து எனக்குத் தூக்கம் இல்லைங்கம்மா."

"லாரியை விடச் சொன்னது யாரு? உங்கம்மாவா?"

"இல்லைங்க, அம்மா போகத்தான் சொல்லியிருக்காங்க. நான் பச்சைப் பிள்ளையா இருந்தப்ப ஒரு லோடு ஏத்திக்கிட்டுக் கிளம்பினாராம். தொப்பூர் கணவாய்க்கு முன்னாலயே வண்டியைத் திருப்பிக்கிட்டு வந்துட்டார். 'எதையோ மறந்துட்டேன்'னு உள்ளே வந்து என்னைத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டு உக்காந்துட்டார். அம்மா திட்டித் திட்டிப் பாத்தாங்களாம். சாவியை ஓனர் வீட்டுக்குக் குடுத்தனுப்பிட்டார்."

"சரி. வேன் ஓட்டிட்டு வீட்டுக்கு வந்து என்ன செய்வார்?"

"என்ன செய்வார், அடுப்புக்கிட்ட உக்காந்துக்குவார். தோசை கல்லுல இருந்து நேரா தட்டுக்கு வரணும் அவருக்கு. 'பாவாயி, இது வேகலை'ம்பார். 'வேன் ஓட்டறவருக்கு வேகாததே போதும்'பாங்க அம்மா. தினமும் இதே பேச்சுத்தான். அம்மாவுக்கு இடுப்புப் பிடிச்சுக்கிட்டப்ப அவரே தோசை சுட்டார். ஒண்ணுகூட வட்டமா வராது. வடக்கத்தி ரொட்டின்னு பேர் வெச்சுப் போட்டுடுவார்."

குரு கொட்டைகளை ஒதுக்கினார். பிறகு கையைக் கழுவித் துடைத்துக்கொண்டார்.

"நீங்க ரொம்ப நாளா மூச்சுப் பாடம் கேக்கறீங்க. நான்தான் தள்ளிப் போட்டுக்கிட்டு வர்றேன். இன்னைக்குச் சொல்லித் தர்றேன். விடியற வரைக்கும் இங்கேயே இருக்கணும்."

அந்தப் பாடத்துக்காகத்தான் குமரவேல் இந்தக் கிடங்கைத் தேடி வந்ததே. 'சரிங்க' என்று வாய்வரை வந்துவிட்டது. அதற்குள் வெளியே சாயும் வெயில் கண்ணில் பட்டது.

"இன்னைக்கு முடியாதுங்களே."

"இன்னைக்கு விட்டா மறுபடி எப்பன்னு என்னால சொல்ல முடியாது."

"பரவாயில்லைங்கம்மா. பாப்பா காத்துக்கிட்டு இருப்பா. அவ தாத்தா போனதுல இருந்து நான் பக்கத்துல படுத்தாத்தான் தூங்கறா."

"ஒரு ராத்திரிதானே. அவங்கம்மாகிட்டத் தூங்கமாட்டாளா?"

"தூங்குவா. எனக்குத்தான் சரிப்படாதுங்க. கதை சொல்லும்பா. பாதியிலயே என்னை நிறுத்திட்டு மீதியை அவளே சொல்லுவா. எந்தக் கதையா இருந்தாலும் கடைசியில ராஜா சந்தையில எருமை வாங்கிடுவான். அப்புறம் காலைத் தூக்கி என் வயித்து மேல போட்டுக்கிட்டுத் தூங்கிடுவா. அந்தக் கால் மேல கிடந்தாத்தான் எனக்குத் தூக்கமே வருது."

சொல்லும்போதே அவன் முகம் மலர்ந்துவிட்டது. படத்தை மறுபடியும் வேட்டியில் சுற்றினான்.

குரு வாசல்வரை கூடவே வந்தார்.

"நாளைக்கு என்னையும் நாலு வார்த்தை பேசச் சொல்லியிருந்தீங்க. என்ன பேசறதுன்னு இப்பத்தான் தெரிஞ்சுது."

"சொல்லுங்கம்மா."

"அப்பனைப் போலத்தான் மகனும். தேடி வந்த ஞானத்தையே பெத்த பொண்ணுக்காகத் தியாகம் செஞ்சவர் குமரவேல். இதைத்தான் பேசப் போறேன்."

"ஐயோ, அதெல்லாம் வேண்டாங்கம்மா."

"ஏன்? இப்ப நடந்ததுதானே?"

"நடந்தது நிசந்தாங்க. ஆனா அது அப்படி இல்லைங்க."

"கூச்சப்படறீங்களா?"

"கூச்சமில்லைங்க. பாப்பா முன்வரிசையில உக்காந்திருப்பா."

"இருக்கட்டுமே. அப்பா பெருமையைக் கேட்டுக்கட்டும்."

"இதுல என்னங்க பெருமை? தன்னால அப்பா என்னத்தையோ இழந்துட்டார்னு அந்தப் பிள்ளை மனசுல விழுந்துடாதா? அப்புறம் என் மேல காலைப் போடக்கூட யோசிப்பாளே!"

குரு அவன் கையில் வேட்டி சுற்றியிருந்த படத்தைத் தொட்டுக் காட்டினார்.

"உங்கம்மா எந்த வரிசையில உக்காருவாங்க?"