கெடுக்கச் சொன்ன டீச்சர்

“டீச்சர், இதை அழுத்தலாமா?”

காலையிலிருந்து தனுஷ்கோடி இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார். பரமக்குடியில் அந்தக் கணினிப் பயிற்சி மையத்தில் அவர்தான் வயதில் மூத்த மாணவர். சொல்லிக்கொடுக்கும் மெஹருன்னிசாவுக்கு அவர் மகள் வயது.

மறுநாள் அவருடைய அலுவலகத்தில் கணினித் தேர்வு. தேறினால் கண்காணிப்பாளர். தேறாவிட்டால் நேற்று வந்த பையனுக்குக் கீழே கைகட்டி நிற்க வேண்டும். மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

“அழுத்தித்தான் பாருங்களேன் சார்.”

“கெட்டுப்போச்சுன்னா?”

டைப்ரைட்டிங் பழகிய கை அது. ஓர் எழுத்து தப்பினால் தாளையே உருவிப் போட்டுவிட்டு முதலிலிருந்து அடிக்க வேண்டும். அந்தப் பயம் எலும்புவரை ஊறிக் கிடந்தது.

மெஹருன்னிசா புத்தகத்தை மூடினாள்.

“இன்னைக்குப் பாடம் கிடையாது சார். இந்தக் கம்ப்யூட்டரைக் கெடுத்துக் காட்டுங்க. கெடுக்காம வீட்டுக்குப் போகக் கூடாது.”

“விளையாடுறீங்களா டீச்சர்?”

“நெசமாத்தான் சொல்றேன்.”

சொல்லிவிட்டு அவள் டீ குடிக்கப் போய்விட்டாள்.

தனுஷ்கோடி குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு ஒரு பட்டனை அழுத்தினார். ஒன்றும் ஆகவில்லை. இன்னொன்று. ஏதோ திறந்தது, மூடினார். கெடுப்பதற்குக்கூட நமக்குத் துப்பில்லையா என்று அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. இரண்டு மூன்றாகச் சேர்த்து அமுக்கத் தொடங்கினார்.

திரை தலைகீழாகக் கவிழ்ந்தது.

“டீச்சர்! கெடுத்துட்டேன்!”

ஓடி வந்தவள் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தாள்.

“இது எனக்கே புதுசா இருக்கே சார். எதை அழுத்துனீங்க?”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மனசுக்கு ஞாபகமில்லை, விரலுக்கு இருந்தது. இடக்கையில் இரண்டு பட்டன். வலக்கையில் ஒன்று, கீழ்நோக்கிய அம்பு.

அப்படியானால், மேல்நோக்கிய அம்பு?

அவளைத் திரும்பிப் பார்க்காமலேயே மூன்றையும் அழுத்தினார்.

திரை நிமிர்ந்தது.

அப்பாடா! நெஞ்சிலிருந்து ஓர் அம்மிக்கல்லை யாரோ இறக்கி வைத்தது போலிருந்தது. தனுஷ்கோடி வாய்விட்டுச் சிரித்தார். அந்த மையத்தில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

மெஹருன்னிசா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“எங்க, மறுபடியும் கெடுங்க சார். நான் கத்துக்கிறேன்.”