நாற்பது டிகிரி

“நூலகத்துக் கம்ப்யூட்டர் தினமும் மத்தியானம் தானா அணைஞ்சிடுது மேடம். பிராசஸர் நூறு டிகிரின்னு காட்டுது” என்றார் செபஸ்தியான்.

ரெஹானா திரையிலிருந்து நிமிரவில்லை. “நீங்க என்ன பண்ணீங்க?”

“நூறுல அணையுறதை நூத்தி நாப்பதா மாத்திட்டேன். இனிமே அணையாது. நீங்க சரின்னா கெர்னல்ல சேர்த்திடலாம்.”

“தொட்டுப் பாத்தீங்களா?”

“எதை?”

ரெஹானா தன் புறங்கையை நெற்றியில் வைத்துக் காட்டினாள். அவ்வளவுதான். மறுபடி வேலையில் மூழ்கிவிட்டாள்.

அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. அவளுக்கு முப்பத்தாறு. ஆனாலும் நிரல் எழுதிப் பழகும் எங்கள் பாளையங்கோட்டை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அவள்தான் குரு. கம்ப்யூட்டரின் அடிநிரலான கெர்னலில், பிராசஸரின் சூட்டைப் படித்துச் சொல்லும் டிரைவர் என்ற பகுதி அவள் பொறுப்பு. அவள் தலையாட்டாமல் அதில் ஒரு வரி மாறாது. அண்ணே, அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டே ஆளை அலைய விடுவாள்.

அந்தக் கம்ப்யூட்டரை யாரோ போன மாதம்தான் நூலகத்துக்குத் தானமாகக் கொடுத்திருந்தார்கள். அந்த ரகப் பிராசஸரை எங்கள் ஊரில் அதுவரை யாரும் பார்த்ததுகூட இல்லை. மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் எடைக்குப் போட்டுவிடுவதாக நூலகர் சொல்லியிருந்தார்.

அடுத்த ஞாயிறு செபஸ்தியான் வந்தார். முகம் சரியில்லை.

“தொட்டுப் பாத்தேன் மேடம். பழையபடி நூறுக்கே மாத்தி வச்சு, அது நூறு காட்டி அணைஞ்ச உடனே மூடியைக் கழட்டி, பிராசஸர் மேல இருக்கிற தகட்டுல கை வச்சேன். வெதுவெதுன்னுதான் இருந்துது. பத்து எண்ணுற வரைக்கும் கையை எடுக்கல.”

“அப்ப?”

“டிரைவர்தான் பொய் சொல்லுது. இந்த ரகத்துக்கு மட்டும், சென்சார் சொல்றதோட நாப்பதைக் கூட்டுன்னு ஒரு வரி இருக்கு. அதை எடுத்தாப் போதும்.”

“எடுத்திடுங்க.”

செபஸ்தியான் அதை எடுக்காமல் பழைய குறிப்புகளைத் தேடினார்.

கெர்னலில் ஒரு வழக்கம் உண்டு. தவறைத் திருத்துகிறவர், அது எந்தத் திருத்தத்தோடு உள்ளே வந்தது என்று குறிப்பில் எழுத வேண்டும். எழுதியவர் பெயரும், அதை அந்தக் கருவியிலேயே ஓட்டிப் பார்த்தவர் பெயரும் குறிப்பில் இருக்கும். பழைய குறிப்புகள் அழிவதில்லை.

அந்த நாற்பது உள்ளே வந்த, பதினோரு வருடத்துக்கு முந்தைய குறிப்பை அவர் திரையில் திறந்து வைத்தார்.

எழுதியவர்: ரெஹானா.

சோதித்தவர்: செபஸ்தியான்.

அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கெர்னலில் அவர் பெயர் வந்தது அதுதான் முதல் தடவை. எங்கள் எல்லோருக்கும் ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். நான் இரண்டு கிளாஸ் குடித்தேன். அந்தப் பக்கத்தை அச்செடுத்து, சட்டம் போட்டு, வீட்டில் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். அப்போது நாங்கள் ஆறு பேர். ஒரே கம்ப்யூட்டரைச் சுற்றி நாற்காலி போட்டு, ஒருவர் தோள்மேல் ஒருவர் எட்டிப் பார்ப்போம். மூன்று பேர் ஊரைவிட்டே போய்விட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் இன்றைக்கும் ஏக்கமாக இருக்கிறது.

“அந்தப் பிராசஸர் அப்ப என்கிட்ட இல்ல மேடம்” என்றார் செபஸ்தியான். “நான் சோதிக்கவே இல்ல. கம்பைல் ஆச்சு, பிழை வரல. அவ்வளவுதான் பாத்தேன். உங்க பேருக்குக் கீழ என் பேரும் வரணும்னு ஆசை. இப்ப இதைத் திருத்தினா, வீட்டுல அந்தச் சட்டத்தைக் கழட்டணும்.”

“தெரியும்ணே.”

“எப்பத் தெரியும்?”

“ரோஸ்மில்க் குடிக்கும்போதே.”

“பின்ன ஏன் கேக்கல?”

ரெஹானா நாற்காலியைத் திருப்பி அவரை நேராகப் பார்த்தாள்.

“அந்தப் பிராசஸர் என்கிட்டயும் இல்ல. யாரோ மெயில்ல நாப்பதுன்னு எழுதியிருந்தாங்க, நம்பிப் போட்டுட்டேன். உங்களைக் கேட்டா என்னையும் கேக்கணுமே.”

செபஸ்தியான் அந்த ஒரு வரியை அழித்தார். தவறு எங்கிருந்து வந்தது என்று எழுதினார். இரண்டு பேர் பெயரும் உள்ள அந்தப் பழைய குறிப்பும் அதில் வந்தது.

‘சோதித்தவர்’ என்று அடித்துவிட்டு, பெயர் எதுவும் போடாமல் விரலை எடுத்துக்கொண்டு ரெஹானாவைப் பார்த்தார்.

அவள் எழுந்து வாசலுக்குப் போய், செருப்பைக் காலில் மாட்டினாள்.

“நூலகம் இன்னைக்கு எத்தனை மணி வரைக்கும்ணே?”