இசைத்தட்டில் இடமில்லாத சரணம்

பாட்டெழுதிப் பாடிய தருமலிங்கத்துக்கு எழுபத்திமூன்று வயது. அவருடைய குருவுக்கு நாற்பத்தைந்துகூட ஆகவில்லை. மடம் நடத்துகிற அந்த அம்மாவை மடத்தம்மா என்று ஊரில் சொல்வார்கள். இதென்னடா கூத்து என்று சிரித்தவர்கள் உண்டு. தருமலிங்கம் அதைக் காதிலேயே போட்டுக்கொண்டதில்லை.

ஒரு நாள் காலையில் மடத்துக்கு வந்தவர், கும்பிடக்கூட மறந்து பொத்தென்று உட்கார்ந்தார்.

"என்னங்கய்யா, ரிக்கார்டிங் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. அதோட நானும் முடிஞ்சேம்மா."

முப்பது வருஷம் பாட்டையே மூட்டை கட்டி வைத்திருந்த மனுஷர். திரும்பவும் மைக் முன்னால் போய் நின்றது பேருக்கும் இல்லை, புகழுக்கும் இல்லை. ஒரே ஒரு சரணத்துக்காக. கல்யாணமான புதிதில் மனைவி மங்களத்தை நினைத்து எழுதியது. அந்தக் காலத்து இசைத்தட்டில் இடம் போதாது என்று அதை வெட்டிவிட்டார்கள், பாவிகள். அப்புறம் மேடையில் மட்டும் பாடுவார். எந்தத் தாளிலும் அது இல்லை. மங்களம் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. தானும் போவதற்குள் அதைப் பதிந்துவிட வேண்டும் என்றுதான் கிளம்பினார்.

"ஹெட்போனை மாட்டினாங்க. பல்லவி வந்துச்சு. முதல் சரணம் வந்துச்சு. அப்புறம் ஒண்ணுமே இல்லம்மா. ஒரு சொல்லுகூட இல்ல. மூணு நாள் போய் நின்னேன்."

"புதுசா எழுதிப் பாத்தீங்களா?"

"பதினோரு சரணம் எழுதினேன். அத்தனையும் பொய். கிழிச்சுப் போட்டுட்டேன்."

"அப்புறம்?"

"'கவலைப்படாதீங்க சார், முதல் சரணத்தையே இன்னொரு தடவை போட்டுக்கலாம்'னு அங்க இருந்தவர் ஒட்டிட்டார். பாட்டு வெளியேயும் வந்துருச்சு. கேட்டவன் எல்லாம் பிரமாதம்ங்கிறான். என்னத்தப் பிரமாதம்! அவளை ரெண்டாந்தடவையும் வெட்டிட்டோம். இந்தத் தடவை நானும் கூட நின்னேன்."

வாய்விட்டு அழுதார். மடத்தம்மா தடுக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை மேடை. இந்தப் பாட்டைத்தான் கேப்பாங்க. அந்த இடம் வந்தா நான் என்னம்மா பண்ணட்டும்?"

"இப்பப் பாடுங்க."

பாடினார். தொண்டை கரகரத்தது, சுருதி மட்டும் விலகவில்லை. பல்லவி முடிந்தது. முதல் சரணமும் முடிந்தது. நிறுத்திக்கொண்டார்.

மடத்தம்மா கண்ணை மூடியபடியே இருந்தார்.

தண்ணீர் லாரி வந்துவிட்டதென்று வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். மடத்தம்மா எழுந்திருக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்கள். அசையவில்லை. லாரி போய்விட்டது.

"அவ்வளவுதாம்மா பாட்டு."

மடத்தம்மா கண்ணைத் திறக்கவில்லை.

"வராதும்மா. இனிமே அது வரவே வராது."

"தெரியும்ங்கய்யா."

"பின்ன எதுக்கு இப்படி உட்கார்ந்திருக்கீங்க?"

"ரெண்டாவது சரணம் கேட்டுக்கிட்டிருக்கேன்."