அடுக்களைக்குப் பெண் பார்த்த கதை

செம்பட்டங்குளத்தில் புத்திசாலிகளும் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் அவர்களைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? எழுந்தார்கள், வேலைக்குப் போனார்கள், வந்து படுத்தார்கள். ஆகவே நாம் குடைக்கடைச் சகோதரர்களிடம் போவோம்.

மூன்று பேர். மூத்தவர் ஆவுடையப்பன், அடுத்தவன் சிவசைலம், கடைசி குத்தாலம். பஜாரில் குடை ரிப்பேர் கடை வைத்திருந்தார்கள். மழை வந்தால் நனைந்துவிடுவோம் என்று கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்த வீட்டில் மூளை உள்ள ஜீவன் ஒன்றே ஒன்றுதான். அது ஆவுடையப்பனின் மனைவி உலகம்மாள்.

உலகம்மாள் நாலு வருடமாகத் தரையில் பாத்திரங்களைக் குவித்து வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தாள். கடுகு வேண்டுமென்றால் ஒன்பது டப்பாவைத் திறக்க வேண்டும். ஒருநாள் பத்தாவது டப்பாவில் பல்லி இருந்தது. அன்றைக்கே பெட்டியைக் கட்டிவிட்டாள்.

"அடுக்களையில கதவு வச்ச அலமாரி வரட்டும், நானும் வாரேன். கலரு, மாடலு எல்லாம் நீங்களே பாத்து எடுங்க. மாட்டி முடிச்சப்புறம் போன் போடுங்க" என்று சொல்லிவிட்டு, அம்பாசமுத்திரத்துக்கு, அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

ஆவுடையப்பனுக்கு மனைவி மேல் கொள்ளைப் பிரியம். அவள் போன பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. சிவசைலம் வடித்த சோறு என்பதும் ஒரு காரணம். மூன்றாம் நாளே தம்பிகளைக் கூட்டிக்கொண்டு செண்பகராமனின் மரப்பட்டறைக்குப் போய்விட்டார்.

செண்பகராமன் மாடுலர் கிச்சன் போடுவதில் கெட்டிக்காரர். மூன்று மாதிரிக் கதவுகளைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். ஒன்று பளபளவென்று வெள்ளை, ஒன்று தேக்கு வரி போட்டது, ஒன்று பளபளப்பே இல்லாத ஆலிவ் பச்சை.

"அவசரப்படாதீக அண்ணாச்சி. பொண்ணு பாக்க மாதிரி நிதானமாப் பாருங்க. ஒருதடவ வந்துட்டுன்னா ஆயுசுக்கும் உங்க வீட்டுலதான இருக்கப் போகுது?" என்றார்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உடனே எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

"நல்லவேளை, அவரு வாய் விட்டுச் சொன்னாரு" என்றார் ஆவுடையப்பன். "நாம பாட்டுக்கு வெறுங்கைய வீசிக்கிட்டு, நாளும் பாக்காமப் போயி நின்னுட்டோமே. பொண்ணு வீட்டுல என்ன நெனச்சிருப்பாக?"

"அதெல்லாம் கெடக்கட்டும். மாப்பிள்ளை யாரு?" என்று கேட்டான் சிவசைலம்.

நியாயமான கேள்வி. காபி ஆறி ஆடை கட்டும் வரை யோசித்தார்கள்.

"அலமாரி எங்க வந்து நிக்கப் போகுது?" என்றான் குத்தாலம்.

"அடுக்களையில."

"ஆயுசுக்கும் யாரு கூட இருக்கப் போகுது?"

"அடுக்களை கூட."

"அப்ப மாப்பிள்ளை அடுக்களைதான்."

இந்தப் பிள்ளையை மேலே படிக்க வைக்காமல் விட்டோமே என்று ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

மாப்பிள்ளை இல்லாமல் பெண் பார்க்கப் போகக் கூடாது. அடுக்களையோ வீட்டை விட்டு வராது. கடைசியில், அடுக்களைக்கு முகம் என்று ஒன்று இருந்தால் அது அடுப்புதான் என்று முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் கேஸ் அடுப்பைக் கழற்றித் துடைத்து, இரண்டு பர்னருக்கும் நடுவில் திருநீறு பூசி, ஆட்டோவில் நடுநாயகமாக உட்கார வைத்தார்கள். பூ ஒரு தட்டு, பழம் ஒரு தட்டு. ஆட்டோவில் இடம் போதாமல் சிவசைலம் பின்னால் சைக்கிளில் வந்தான்.

அளவு பார்க்க அடுப்பைக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று செண்பகராமன் நினைத்துக்கொண்டார். பழத்தட்டைப் பார்த்ததும் அவருக்குச் சந்தோஷம். எதிர்க்கடையில் சொல்லி பஜ்ஜியும் டீயும் வரவழைத்தார்.

"பஜ்ஜி வந்துட்டு, பாத்தியாலே" என்று ஆவுடையப்பன் தம்பியின் காதைக் கடித்தார். "முறை தெரிஞ்ச குடும்பம்."

முதலில் வெள்ளை. ஆவுடையப்பன் குனிந்து பார்த்தார், சாய்ந்து பார்த்தார்.

"முகத்தையே காட்ட மாட்டேங்குதே. எப்படிப் பாத்தாலும் என் முகம்தான் தெரியுது."

"அது பளபளப்பு அண்ணாச்சி. ஒண்ணே ஒண்ணு, கை வச்சா ரேகை தெரியும்."

"கை வைக்கிறதா? கல்யாணத்துக்கு முன்னாடியா?" என்று ஆவுடையப்பன் துள்ளி எழுந்தார். "நாங்க அப்படிப்பட்ட குடும்பம் இல்ல வே!"

குத்தாலம் அவரைச் சமாதானப்படுத்தி, பஞ்சாங்கத்தைப் பிரித்துக்கொண்டு, "இது என்னைக்குப் பொறந்தது?" என்று கேட்டான்.

"செஞ்சது போன செவ்வாக்கிழமை."

"செவ்வாய் தோஷம்" என்று குத்தாலம் பஞ்சாங்கத்தை மூடிவிட்டான்.

அடுத்தது தேக்கு வரி. செண்பகராமன் நேர்மையான மனிதர். "பாக்கத்தான் தேக்கு மாதிரி இருக்கும். உள்ள பிளைவுட்டுதான்" என்று உள்ளதைச் சொன்னார்.

"உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணா?" என்றான் சிவசைலம். "நமக்கு ஒத்து வராது."

மிச்சம் இருந்தது ஆலிவ் பச்சை. "அடுப்பு எவ்வளவு சூடா ஆவி விட்டாலும் இது தாங்கும். எண்ணெய் தெறிச்சாலும் வெளிய தெரியாது. படார்னு அடைச்சாக்கூட சத்தம் போடாது" என்றார் செண்பகராமன்.

மூவருக்கும் நெஞ்சு இளகிவிட்டது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு பொறுமைசாலியா? பாடத் தெரியுமா என்று பார்க்கக் குத்தாலம் கதவை ஒரு தட்டுத் தட்டினான். மெதுவாக 'ம்' என்றது.

"கூச்சம்" என்றார் ஆவுடையப்பன் கனிவோடு. அடுப்பைத் தூக்கிப் பச்சைக் கதவின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஜோடி கண்ணைப் பறித்தது.

"கைப்பிடி வைக்காத மாடலும் இருக்கு. இப்ப அதுதான் பேஷன்" என்றார் செண்பகராமன்.

"பேஷனா இருந்துட்டுப் போவுது. ஒரு பொட்டு நகை இல்லாமலா பொண்ண அனுப்புவீக?" என்றார் ஆவுடையப்பன்.

"சரி, சரி, பித்தளைக் கைப்பிடி போட்டுருதேன். அப்ப இதே கலரு முடிவுதான?"

"வீட்டுக்குப் போயி லெட்டர் போடுதோம்" என்று சொல்லி மூவரும் கிளம்பிவிட்டார்கள்.

போட்டும்விட்டார்கள். 'பெண்ணை எங்கள் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது, அடுக்களைக்கும் சம்மதம்' என்று மஞ்சள் தடவிய கடிதம். செண்பகராமன் அதை இரண்டு தடவை படித்தார். பைத்தியமாக இருந்தாலும் மரியாதை தெரிந்தவர்கள் என்று எண்ணிக்கொண்டு டேப்போடு புறப்பட்டு வந்தார். அடுக்களையை அளந்து முடித்து, "மொத்தம் பதினாலு கதவு வரும்" என்றார்.

ஆவுடையப்பனுக்கு முகம் வெளிறிவிட்டது. "பதினாலா? ஒத்த மாப்பிள்ளைக்கா?"

"சட்டத்துல இடம் கிடையாது" என்றான் குத்தாலம். "போலீஸ்காரன் எல்லாரையும் உள்ள தூக்கி வச்சுருவான்."

செண்பகராமன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். தொண்டை வற்றியதுதான் மிச்சம். ஒரே ஒரு கதவு அனுப்புவது, வைகாசி இருபதில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். அன்று முதல் மூவரும் அவரை 'மாமா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

இந்தப் பூவும் பழமும் போவதையும் வருவதையும் எதிர்வீட்டு இசக்கியம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு வாய் அரித்தது. "என்ன அண்ணாச்சி, பொண்ணு பாத்திருக்காப்புல தெரியுதே?" என்று கேட்டாள்.

"ஆமா தாயி. உலகம்மா கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா. அடுக்களைக்கு ஒண்ணு வேணும்லா? நல்ல அடக்கமான பொண்ணு. என்ன செஞ்சாலும் சத்தமே போடாது" என்றார் ஆவுடையப்பன் வாயெல்லாம் பல்லாக.

இசக்கியம்மாள் அம்பாசமுத்திரத்துக்குப் போன் போட்டாள்.

உலகம்மாள் போனை வைத்துவிட்டு அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். அசடு என்று தெரிந்துதான் கழுத்தை நீட்டினாள். அசடானாலும் தன்மேல் உயிரையே வைத்திருக்கிற அசடு என்று நம்பியிருந்தாள். ஒரு அலமாரிக்குக் கோபித்துக்கொண்டு வாழ்க்கையைப் பறிகொடுத்துவிட்டோமே என்று இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் முகத்தைக் கழுவிக்கொண்டு, இரண்டு அண்ணன்மாரோடு கல்யாணத்தன்று காலையில் வந்து இறங்கினாள். அண்ணன்மார் கையில் ஆளுக்கொரு கம்பு இருந்தது.

வாசலில் வாழைமரம். அவளைப் பார்த்ததும் பட்டுவேட்டியோடு ஆவுடையப்பன் ஓடி வந்தார். "வந்துட்டியா உலகம்மா! நல்ல நேரத்துக்கு வந்த. நீ இல்லாம எனக்கு ஒண்ணுமே ஓடல!"

"அவ எங்க?" என்றாள் உலகம்மாள்.

"உள்ளதான், அடுக்களையில. பாரு, உனக்கும் பிடிக்கும்."

உலகம்மாள் புயலாக உள்ளே போனாள். மணையில் ஒரு பச்சைக் கதவு உட்கார்ந்திருந்தது. கழுத்தளவு மாலை, கைப்பிடியில் மஞ்சள் கயிறு. எதிரே திருநீறு பூசிய அடுப்பு. பக்கத்தில் பெண்ணைப் பெற்றவர் மாதிரி துண்டு போட்டுக்கொண்டு செண்பகராமன் நின்றார். அவரும் எவ்வளவுதான் தாக்குப்பிடிப்பார், பாவம்.

உலகம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சிரித்தாள். சிரிப்போடு அழுகையும் வந்தது. அண்ணன்மார் கம்புகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் பந்தியில் போய் உட்கார்ந்தார்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கலரு நல்லாத்தான் இருக்கு. மிச்சக் கதவு எங்க?" என்றாள். சட்டச் சிக்கலைக் குத்தாலம் விளக்கினான். உலகம்மாளுக்கு இந்த வீட்டில் எப்படிப் பேச வேண்டும் என்று தெரியும்.

"தனியா எப்படி இருக்கும் அது? புது இடம், பயப்படாதா? மிச்சம் பதிமூணும் தோழிக. துணைக்கு வந்து நிக்கட்டும்."

"மதினி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்கள் தம்பிகள். ஆவுடையப்பனும் தலையாட்டினார். ஒரு வாரத்தில் பதினாலு கதவோடு அலமாரி மாட்டியாகிவிட்டது. கடுகுக்கு ஒரு இடம், மிளகுக்கு ஒரு இடம். ஆனி மாதம் முழுக்க உலகம்மாள் பாட்டுப் பாடிக்கொண்டே சமைத்தாள். ஆவுடையப்பன் ஒரு சுற்றுப் பெருத்தார்.

ஆனி முடிந்து மறுநாள் காலை உலகம்மாள் கோயிலுக்குப் போய்விட்டு வந்தாள். அடுக்களைச் சுவர் மொட்டையாக நின்றது. பாத்திரம் பண்டமெல்லாம் தரையில் கிடந்தன. வாசலுக்கு ஓடினாள். பதினாலு கதவையும் அலமாரியோடு கழற்றி மினி லாரியில் ஏற்றி, பூ வைத்து, கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள் மூன்று பேரும்.

"அய்யோ, எங்கய்யா கொண்டு போறீக?"

"மாமா வீட்டுக்குத்தான்" என்றார் ஆவுடையப்பன். "இன்னைக்கு ஆடி ஒண்ணுல்லா? புதுப்பொண்ண தாய் வீட்டுக்கு அனுப்ப வேண்டாமா?"

உலகம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஒரு மாசம் நான் எங்க வச்சுச் சமைப்பேன்? இங்கயே இருக்கட்டும், இறக்குங்க!"

சிவசைலத்துக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. குத்தாலம்தான் துணிந்து பக்கத்தில் வந்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"விவரம் தெரிஞ்ச நீங்களே இப்படிப் பேசலாமா மதினி? ஆடியில ஒண்ணா இருந்தா சித்திரையில பிள்ளை பொறந்துரும். அந்த வெயில்ல ஒரு பச்சை அலமாரிய வச்சுக்கிட்டு நாம என்ன பாடுபடுவோம்?"

"அதுவும் தலைப்பிரசவம்" என்றார் ஆவுடையப்பன், கவலையோடு.