வேம்புக்கு மருந்து தேடிய வீரபாகு

“மேடம், இந்தப் பூஞ்சணத்தை எதைப் போட்டுக் கொல்றது?”

வந்த முதல் நாளே வீரபாகு கேட்டார். வணக்கம்கூடப் பிறகுதான் சொன்னார்.

அவர் கல்லூரியில் வேதியியல் வாத்தியார். ஊர்ப் பொதுத்தோப்பில் பூஞ்சண நோய் பிடித்து வேப்பமரங்கள் நுனியிலிருந்து கருகிக்கொண்டே வந்தன. பார்த்துக்கொண்டிருக்க மனசு கேட்கவில்லை. விடுப்புப் போட்டுவிட்டு மர நோய் ஆராய்ச்சிக்கு வந்துவிட்டார். வழிகாட்டியாக வாய்த்தவர் டாக்டர் செண்பகவல்லி. வயதில் வீரபாகுவுக்கு இளையவர். அதிகம் பேசமாட்டார்.

செண்பகவல்லி மூடி போட்ட கண்ணாடித் தட்டு ஒன்றை நீட்டினார். உள்ளே பூஞ்சணம் பஞ்சுபோல வளர்ந்திருந்தது.

“நீங்களே கொன்னு பாருங்க சார்.”

வீரபாகு கொன்றார்.

பூண்டுச் சாறு விட்டார். செத்தது. மஞ்சளைக் கரைத்து விட்டார். செத்தது. ஒரு மதியம் கை தவறி, வீட்டிலிருந்து கொண்டுவந்த மிளகு ரசம் தட்டில் கொட்டிவிட்டது. அதற்கும் செத்தது.

ஓடி வந்தார். மூச்சு வாங்கியது.

“மேடம்! ரசத்துக்கே சாகுது!”

“எங்க இருக்கிறது சாகுது? மரத்திலயா, தட்டிலயா?”

“தட்டில.”

“சரி.”

அவ்வளவுதான். செண்பகவல்லி நுண்ணோக்கியில் குனிந்துகொண்டார்.

அந்தச் ‘சரி’யை வீரபாகு ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டார். வீட்டில் ஒரு அண்டா ரசம் வைக்கச் சொன்னார். ஏதோ விசேஷம் போல என்று நினைத்த அவர் மனைவி சிவகாமி, கொத்தமல்லி தூவி இறக்கினாள்.

ரசம் தோப்புக்குப் போனது. தெளிப்பானில் ஏறியது. கருகிய மரமெல்லாம் நனைந்தது.

தோப்பு முழுக்கப் பந்தி வாசனை. ஆடுகள் வந்து அடிமரத்தை நக்கின. மரங்கள் தம்பாட்டுக்குக் கருகின.

ஊராட்சித் தலைவர் சங்கிலிபூதம் வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்.

“சார், அப்பளம் எப்போ வரும்?”

வீரபாகு முறைத்தார்.

“கோவிச்சுக்காதீங்க. வேப்பெண்ணெய் அடிச்சுப் பாத்தீங்களா? எல்லாப் பூச்சிக்கும் அதைத்தானே அடிக்கிறோம்?”

“அடிச்சாச்சு.”

“வேப்பமரத்துக்கே வேப்பெண்ணெயா!” தலைவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “அடுத்த மழைக்கும் இப்படியே இருந்தா வெட்டிர வேண்டியதுதான் சார். பட்ட கிளை பிள்ளைங்க தலையில விழுந்துச்சுன்னா யாரு பதில் சொல்றது?”

மழை வந்தது. போனது. வீரபாகு பட்ட கிளையாகப் பார்த்து ஒடித்து, சாக்கில் கட்டி, ஆராய்ச்சி நிலையத்துக்குச் சுமந்தார். மருந்து மேல் மருந்தாக மாற்றினார். தூக்கத்திலும் மருந்தின் பெயரைச் சொன்னார். தோப்பு மட்டும் சட்டி தீய்ந்த நிறத்திலேயே நின்றது.

ஒருநாள் காலை அவர் உடைந்துபோனார். சிவப்புப் பெயிண்டும் பிரஷும் வாங்கினார். வெட்ட வேண்டிய மரங்களுக்கு அடையாளம் போட ஆரம்பித்தார். எந்த மரத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவோமோ என்று பயம். குனிந்த தலையோடு போய், தோப்பிலிருந்த அத்தனை மரத்துக்கும் ஒவ்வொரு பெருக்கல் குறி போட்டார்.

முடிக்கும்போது செண்பகவல்லி வந்து நின்றார். தலைவரே போன் போட்டுச் சொல்லியிருந்தார்.

“மேடம், தோத்துட்டேன். மரம் வெட்டுற ஆளு இப்போ வந்திருவாரு. இதுக்கு மருந்தே இல்ல.”

செண்பகவல்லி நடுத்தோப்பில் இருந்த உயரமான மரத்தைக் காட்டினார். மருந்தடிக்கச் சாத்திய ஏணி அதில் அப்படியே இருந்தது.

“உச்சியில இருந்து ஒரு குச்சி ஒடிச்சுட்டு வாங்க.”

“இனிமே குச்சி எதுக்கு மேடம்?”

“ஏறுங்க சார்.”

வீரபாகு கனத்த உடம்புக்காரர். முக்கி முனகி ஏறினார். ஏணி முடிந்த இடத்தில் கிளையைப் பிடித்து, தவ்வி, ஒருவழியாக மேலே போய் உட்கார்ந்தார்.

கீழே ஏதோ சத்தம். குனிந்து பார்த்தார். செண்பகவல்லி ஏணியை எடுத்துத் தரையில் கிடத்தி, அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

“மேடம்! ஏணி!”

“என்ன தெரியுது?”

“கட்டெறும்பு தெரியுது! சட்டைக்குள்ள போகுது!”

“சுத்திப் பாருங்க.”

பார்த்தார். “எல்லாம் கருகிக் கிடக்கு.”

“இன்னும் பாருங்க.”

“எல்லாந்தான் மேடம், கருகி... ஐயோ, கடிக்குது!... எல்லாமே...”

நிறுத்தினார்.

கிழக்கு ஓரத்தில், கருகல்களுக்கு நடுவே, ஒரு மரம் மட்டும் தளதளவென்று நின்றது. கொழுந்து வெயிலில் மினுங்கியது.

“அங்க ஒண்ணு பச்சையா இருக்கு மேடம்.”

“அதுக்கு என்ன மருந்து அடிச்சீங்க?”

“ஒண்ணும் அடிக்கல.”

“அதிலேருந்து ஒரு குச்சியாவது ஒடிச்சிருக்கீங்களா?”

“அதுல எதுக்கு மேடம்? அதுக்குத்தான் ஒரு நோயும் வரலையே!”

சொல்லி முடித்தார். திறந்த வாய் மூடவில்லை.

எறும்பு கடித்துக்கொண்டுதான் இருந்தது. அவர் சொறியவில்லை.

தூரத்தில் ரம்பம் ஏற்றிய டிராக்டர் ஒன்று கிழக்குப் பக்கமாகத் தோப்புக்குள் திரும்பியது.

“ஏணி!” வீரபாகு கிளை அதிரக் கத்தினார். “மேடம், ஏணியைப் போடுங்க! அதுக்கும் குறி போட்டிருக்கேன்! பெயிண்ட் காயறதுக்குள்ள அழிக்கணும்!”